எர்த் எஞ்சினில் என்ன மாறியிருக்கிறது? ஆய்வு மாணவர்களுக்கான கேள்வி பதில்

கூகுள் எர்த் எஞ்சின் 2010 முதல் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை நம் கணினியில் இறக்காமல், கூகுளின் கணினிகளிலேயே கணக்கிட்டு, விடையை மட்டும் வரைபடமாகவோ அட்டவணையாகவோ எடுத்துக்கொள்ளலாம். புவியியல், வேளாண்மை, நீர்வளம், நகரமைப்பு என்று பல துறை மாணவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் இதில் பயனர் கணக்கு (அக்கவுண்ட்) வைத்திருப்பதற்கான விதிகளும் மாறிவிட்டன, உள்ளே இருக்கும் தரவுகளும் மாறிவிட்டன. யூடியூபிலும் பழைய ஆய்வேடுகளின் பின்னிணைப்பிலும் கிடைக்கும் ஸ்கிரிப்டுகள் (கட்டளை நிரல்கள்) மட்டும் அப்படியே இருக்கின்றன. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இதனால் எழுந்தவைதான்.

பல ஆண்டுகளாக வைத்திருக்கும் கணக்கு. இப்போது எர்த் எஞ்சினின் கோட் எடிட்டர் (ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டும் இணையப் பக்கம்) உள்ளே விட மறுக்கிறது. ஏன்?

முன்பு ஜிமெயில் முகவரியைப் பதிவு செய்தால் போதும். 2024 நவம்பர் 13 முதல் ஒவ்வொருவரும் ஒரு கூகுள் கிளவுட் புராஜெக்ட் வழியாகத்தான் நுழைய முடியும். அதற்கு மேல் இன்னொரு படியும் சேர்ந்தது: 2025 ஏப்ரல் 15க்கு முன் வணிகமல்லாத பயன்பாட்டுக்கெனப் பதிவான புராஜெக்டுகள் எல்லாம் தங்கள் தகுதியை மறுபடி உறுதி செய்ய வேண்டும். அதற்கான கெடு 2025 செப்டம்பர் 26 அன்று முடிந்தது. அதைத் தவறவிட்ட புராஜெக்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். உறுதி செய்தால் திரும்பக் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இது. கிளவுட் கன்சோலில் புதிய புராஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். அதன் ஐடி 6 முதல் 30 எழுத்துக்குள், சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். இலக்கமும் சிறுகோடும் சேரலாம். ஒருமுறை வைத்த ஐடியை மாற்ற முடியாது. உங்கள் அசெட்டுகளின் (எர்த் எஞ்சினுக்குள் நீங்கள் சேமிக்கும் தரவுகளின்) முகவரியிலெல்லாம் அது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால், "டெஸ்ட்1" என்றெல்லாம் வைத்துவிடாதீர்கள். அடுத்து அந்தப் புராஜெக்டில் எர்த் எஞ்சின் ஏபிஐயை இயக்குங்கள். பிறகு பதிவுப் பக்கத்தில் வணிகமல்லாத பயன்பாட்டைத் தேர்ந்தெடுத்து, நிறுவன வகை, பணியின் நோக்கம் ஆகிய கேள்விகளுக்கு விடை கொடுங்கள். கடைசியாகக் கோட் எடிட்டரின் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைச் சொடுக்கி அந்தப் புராஜெக்டைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்துவிட்டு "பதிவு செய்தும் வேலை செய்யவில்லை" என்பவர்களே அதிகம்.

கல்லூரி மின்னஞ்சலில் புராஜெக்ட் உருவாக்கும் பொத்தானே மங்கலாக இருந்தால், கல்லூரியின் கூகுள் நிர்வாகி அந்த உரிமையை அடைத்து வைத்திருக்கிறார் என்று பொருள். அவரிடம் கேட்டுத் திறக்கச் சொல்லலாம். அல்லது தனிப்பட்ட ஜிமெயிலில் தொடங்கலாம்.

எங்கள் துறை வெளி நிறுவனங்களுக்கு ஆலோசனைப் பணியும் செய்கிறது. அது வணிகமல்லாததில் சேருமா?

ஆய்வு, பாடம், ஆய்வேடு எல்லாம் சேரும். ஒரு நிறுவனத்திடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அதன் தேவைக்காகச் செய்யும் வரைபட வேலை சேராது. கல்லூரி வளாகத்தில் உட்கார்ந்து செய்தாலும் அது வணிகப் பணிதான். அதற்குக் கட்டணத் திட்டத்தில் தனிப் புராஜெக்ட் வேண்டும். இரண்டையும் ஒரே புராஜெக்டில் போட்டுக் குழப்பினால், சரிபார்ப்பின்போது ஆய்வு வேலையும் சேர்ந்து நின்றுபோகலாம்.

கோட்டா அடுக்கு என்கிறார்களே, அது என்ன?

வணிகமல்லாத புராஜெக்டுகளுக்கு 2026 ஏப்ரல் 27 முதல் மாத அளவு வைக்கப்பட்டது. தாமாக எதையும் தேர்ந்தெடுக்காத புராஜெக்டுகளுக்குக் கம்யூனிட்டி அடுக்கு: மாதம் 150 ஈஈசியூ-மணி. அதற்கு மேல் கான்ட்ரிபியூட்டர் அடுக்கு: மாதம் 1,000 ஈஈசியூ-மணி. இதற்குப் புராஜெக்டோடு ஒரு பில்லிங் கணக்கை இணைக்க வேண்டும்.

ஈஈசியூ என்பது எர்த் எஞ்சின் கணக்கு வேலையை அளக்கும் அலகு. கடிகார நேரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. நீங்கள் ஐந்து நிமிடம் காத்திருந்த வேலை பின்னால் பல கணினிகளில் பிரிந்து ஓடியிருந்தால், ஐந்து நிமிடத்தைப்போலப் பல மடங்கு கணக்கில் ஏறும். அதே ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டும்போது முன் கணக்கிட்ட பகுதிகள் கையிருப்பில் இருந்தால் குறைவாகவும் ஏறும்.

எவ்வளவு செலவாகிறது என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம். முடிந்த எக்ஸ்போர்ட் டாஸ்கைச் (விடையைக் கோப்பாக எழுதும் பின்னணி வேலையை) சொடுக்கினால் ஈஈசியூ-வினாடியில் காட்டும். 3,600 வினாடி ஒரு மணி. ஆக 150 மணி என்பது 5,40,000 வினாடி. திரையில் ஓடும் கணக்குக்கு ரன் பொத்தானை ஒட்டிய கீழ்விரியில் புரொஃபைலரோடு ஓட்டும் வசதி இருக்கிறது. எந்தச் செயல் எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகத் தரும்.

ஒரு மாணவரின் ஒரு மாவட்டத்து ஆய்வுக்கு 150 மணி தாராளம். தமிழ்நாடு முழுவதற்கும் பத்தாண்டுக்கும் 10 மீட்டர் பிக்சல் அளவில் என்று இறங்கினால்தான் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிவரும்.

எதில் அதிகம் வீணாகிறது?

வரைபடத்தில் அடுக்கைச் சேர்த்துவிட்டு நகர்த்துவதிலும் பெரிதாக்குவதிலும்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அந்தச் சட்டத்துக்குள் தெரியும் பகுதி புதிதாகக் கணக்கிடப்படும். மூன்றாண்டுப் படங்களின் மீடியன் காம்போசிட்டைத் (ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுத்துக் கட்டிய ஒரே படத்தை) திரையில் வைத்துக்கொண்டு பயிற்சிப் புள்ளிகள் (இது நெல், இது நீர் என்று வகைப்பாட்டுக்குக் கற்பிக்கும் மாதிரி இடங்கள்) குறிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு இழுப்புக்கும் நூற்றுக்கணக்கான படங்கள் மீண்டும் படிக்கப்படுகின்றன. அந்தக் காம்போசிட்டை ஒரே ஒருமுறை அசெட்டாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதன் பிறகு அசெட்டைத் திரையில் ஏற்றிப் புள்ளிகள் குறியுங்கள். செலவும் குறையும், வேகமும் கூடும். வணிகமல்லாத கணக்குக்கு அசெட் இடம் 250 ஜிபி இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்குபவர்கள்தான் அதிகம்.

வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஆசிரியர் ஒருவர் காம்போசிட்டை எக்ஸ்போர்ட் செய்து, மாணவர்களுக்குப் படிக்கும் உரிமை கொடுத்துவிடலாம். நாற்பது பேரும் தனித்தனியே அதையே கணக்கிட வேண்டிய தேவை இல்லை.

இடம், தேதி வடிகட்டிகளை எப்போதும் முதலில் போடுங்கள்; மேகமறைப்பும் (மேகம் படிந்த பிக்சல்களை நீக்குவதும்) பிற செயல்களும் அதன் பின். கடற்கரை மாவட்டங்களின் எல்லைக்கோட்டில் ஆயிரக்கணக்கான முனைகள் இருக்கும். ராமநாதபுரம் போன்ற இடத்தில் அந்த எல்லையை வடிகட்டிக்குக் கொடுப்பதைவிட அதைச் சுற்றிய ஒரு செவ்வகத்தைக் கொடுத்து, கடைசியில் மட்டும் உண்மையான எல்லையில் வெட்டுவது நல்லது. ஒரு மாவட்டத்தின் சராசரியைக் கணக்கிட 10 மீட்டர் ஸ்கேல் (கணக்கிடும் பிக்சலின் பக்க அளவு) அநேகமாகத் தேவைப்படாது. 100 மீட்டரில் செய்து பாருங்கள். பிக்சல் எண்ணிக்கை நூறில் ஒன்றாகக் குறையும், சராசரி பெரிதாக மாறாது. சிறு குளங்களின் பரப்பு போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

சென்டினல்-2 என்டிவிஐ 2022இல் திடீரென்று விழுகிறது. வறட்சியா?

என்டிவிஐ என்பது தாவரப் பசுமைக் குறியீடு: அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. அது விழுந்தால் முதலில் தரவுத்தொகுப்பின் பெயரைப் பாருங்கள். 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சென்டினல்-2 படங்களைப் புதிய பதிப்பில் செயலாக்குகிறது. அதில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். பழைய தரவுத்தொகுப்பை அழைக்கும் ஸ்கிரிப்ட் இதை அறியாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண்கள் மட்டும் தவறாக வரும்.

ஒரு வயலில் சிவப்பு 400, அண்மை அகச்சிவப்பு 3,000 என்று வைத்துக்கொள்வோம். என்டிவிஐ 2,600ஐ 3,400ஆல் வகுத்தால் 0.76. அதே வயலுக்குப் புதிய பதிப்பில் 1,400, 4,000 என்று வரும். கழித்தால் அதே 2,600. ஆனால் வகுக்கும் எண் 5,400 ஆகிவிடுவதால் விடை 0.48. செழித்த நெல் காய்ந்த புல்லாகத் தெரியும்.

தீர்வு எளிது: தரவுத்தொகுப்பு பெயரின் கடைசியில் "ஹார்மனைஸ்டு" என்று இருப்பதைப் பயன்படுத்துங்கள். அதில் 2022க்குப் பிந்தைய படங்களிலிருந்து அந்த 1,000 கழிக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு நீங்களாக மறுபடி 1,000 கழிக்காதீர்கள். இதையும் சிலர் செய்கிறார்கள். 2022ஐத் தாண்டிச் செல்லும் காலவரிசை உள்ள எந்த ஆய்வேட்டைப் படித்தாலும், முடிவுரைக்கு முன் இந்த ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிவிடுவது நல்ல பழக்கம்.

மேகமறைப்புக்குச் சென்டினல்-2இன் கியூஏ60 பேண்டைப் (மேகத்தைக் குறிக்கும் தரவு அடுக்கைப்) பயன்படுத்துகிறேன். 2022, 2023 படங்களே வரவில்லையே?

2022 ஜனவரி 25க்கும் 2024 பிப்ரவரி 28க்கும் இடைப்பட்ட படங்களில் அந்தப் பேண்ட் வெறுமை. வெறுமையான பேண்டை மறைப்பாகக் கொடுத்தால் படம் முழுவதும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு வந்த படங்களில் வேறு வகைப்பாட்டுப் பேண்டுகளிலிருந்து அதை மறுபடி கட்டித் தருகிறார்கள். ஆனால் சரியாக இருந்த காலத்திலும் கியூஏ60 மெல்லிய மேகத்தையும் நிழலையும் நிறையத் தப்பவிட்டது. இதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கக் காரணமில்லை.

2023இல் வந்த கிளவுட் ஸ்கோர் பிளஸ் நல்ல மாற்று. மேகமா இல்லையா என்று சொல்வதற்குப் பதில், ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெளிவு என்று 0 முதல் 1 வரை மதிப்பு தருகிறது. சென்டினல்-2 தொகுப்போடு இதை லிங்க்-கலெக்‌ஷன் கட்டளையால் இணைத்து, சிஎஸ் பேண்ட் 0.60க்கு மேல் உள்ள பிக்சல்களை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 0.50 முதல் 0.65 வரை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். உயர்த்தினால் மேகம் குறையும், நல்ல பிக்சல்களும் போகும். சிஎஸ்-சிடிஎஃப் என்ற இன்னொரு பேண்டும் உண்டு. அது அந்த இடத்தின் பழைய வரலாற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதால் மெல்லிய புகைமூட்டத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

எந்த மேகமறைப்பு முறையாலும், இல்லாத படத்தை வரவழைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழகக் கரையோரத்துக்கு ஒரு மாதக் காம்போசிட் எடுத்தால் ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். கால அளவை நீட்டுங்கள், அல்லது மேகத்தை ஊடுருவும் ரேடாருக்குப் போங்கள்.

வெள்ளப் பகுதிக்குச் சென்டினல்-1 ரேடாரைப் பயன்படுத்துகிறேன். சராசரி எடுக்கலாமா?

எடுக்கலாம், டெசிபலில் (மடக்கை அளவுகோலில்) எடுக்கக் கூடாது. வழக்கமாக எல்லாரும் அழைக்கும் தொகுப்பில் மதிப்புகள் டெசிபலில் இருக்கின்றன. -10, -20 ஆகிய இரண்டின் சராசரி -15 என்று வரும். உண்மையான சக்தியில் அவை 0.1, 0.01, சராசரி 0.055; அதை டெசிபலுக்கு மாற்றினால் ஏறத்தாழ -12.6. இரண்டரை டெசிபல் வித்தியாசம் நீரையும் நிலத்தையும் பிரிக்கும் எல்லையையே நகர்த்திவிடும். பெயரின் கடைசியில் "ஃபுளோட்" என்று முடியும் தொகுப்பில் நேரடி மதிப்புகள் கிடைக்கும்.

செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்த ஏறுபாதைப் படங்களையும், தெற்கு நோக்கி வரும்போது எடுத்த இறங்குபாதைப் படங்களையும் கலக்காதீர்கள். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றது. 1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடைக்காலத்தில் 1ஏ மட்டுமே என்பதால் தேதிகள் தள்ளித் தள்ளி இருக்கும்.

லேண்ட்சாட் பழைய ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. என்ன செய்வது?

பெயரில் "சி01" என்று இருந்தால் அது லேண்ட்சாட் (அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை) தரவின் பழைய பதிப்பான கலெக்‌ஷன் 1. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2022 கடைசியோடு அதை விலக்கிவிட்டது. இப்போது கலெக்‌ஷன் 2, "சி02". பெயரை மட்டும் மாற்றினால் போதாது. மூன்று மாற்றங்கள் தேவை.

பேண்ட் பெயர்கள் மாறியிருக்கின்றன: மேற்பரப்பு ஒளிப்பிரதிபலிப்புப் பேண்டுகளுக்கு முன்னால் "எஸ்ஆர்", வெப்பப் பேண்டுக்கு முன்னால் "எஸ்டி" சேர்ந்திருக்கிறது. அடுத்து, மதிப்பை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். என்டிவிஐ விகிதம்தானே, பெருக்கல் எதற்கு என்று இதை விட்டுவிடுகிறார்கள். பெருக்கல் விகிதத்தில் அடிபட்டுப்போகும், கழித்தல் அடிபடாது. சிவப்பு 9,000, அண்மை அகச்சிவப்பு 16,000 என்றால் மாற்றாமல் வரும் என்டிவிஐ 0.28. மாற்றினால் 0.0475, 0.24, என்டிவிஐ 0.67.

மூன்றாவது வெப்பப் பேண்ட். 0.00341802ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வினில் மேற்பரப்பு வெப்பநிலை கிடைக்கும். 46,000 என்ற மதிப்பு 306.2 கெல்வின், அதாவது 33 டிகிரி செல்சியஸ். பழைய பாடங்களில் வரும் உமிழ்வுத்திறன், பிளாங்க் மாறிலிகள் கொண்ட நீண்ட சூத்திரத்தை இந்தப் பேண்டில் போடாதீர்கள். அந்த வேலை ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது. இது முற்பகலில் அளந்த தரையின் வெப்பம். வானிலை நிலையத்தின் காற்று வெப்பநிலையோடு பொருந்தவில்லை என்று திகைக்க வேண்டாம்.

லேண்ட்சாட் 5, 7, 8, 9 எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோக்கும்போது எண்களை மறக்காதீர்கள்: 8, 9இல் சிவப்பு நான்காவது பேண்ட், அண்மை அகச்சிவப்பு ஐந்தாவது, 5, 7இல் அவை மூன்றும் நான்கும். 2003 மே 31க்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் கோடு கோடாக இடைவெளி இருக்கும். அது உங்கள் பிழை அல்ல, கருவிப் பழுது.

சாட்டிலைட் எம்பெடிங் என்று 2025இல் வந்ததே, அதை எதற்குப் பயன்படுத்துவது?

கூகுளின் ஆல்ஃபாஎர்த் ஃபவுண்டேஷன்ஸ் மாதிரி தரும் ஆண்டுத் தொகுப்பு இது. 10 மீட்டர் அளவில், 2017 முதல், ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆண்டுக்கு 64 எண்கள். ஒளிப்படம், ரேடார் உள்ளிட்ட பல மூலங்களின் ஓராண்டு நடத்தையை அந்த 64 எண்களுக்குள் சுருக்கியிருக்கிறார்கள். மேகமறைப்பு, காம்போசிட், குறியீட்டுக் கணக்கு என்ற நீண்ட முன்வேலை மிச்சமாகிறது. குறைந்த பயிற்சிப் புள்ளிகளோடு நிலப்பயன்பாட்டு வகைப்பாடு செய்ய இப்போதைக்கு இதைவிட எளிய வழி எர்த் எஞ்சினில் இல்லை.

பயன்படுத்தும் முறை: உங்கள் ஆண்டுக்கு வடிகட்டி, மொசைக் செய்து (துண்டுகளை ஒரே படமாக ஒட்டி), புள்ளிகளில் 64 பேண்டுகளையும் எடுத்து, ரேண்டம் ஃபாரஸ்ட், அருகமைப் புள்ளி போன்ற ஒரு வகைப்பாட்டு முறைக்குக் கொடுங்கள். ஓரிடத்தைப்போல வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட, இரு பிக்சல்களின் 64 எண்களை ஒன்றுக்கொன்று பெருக்கிக் கூட்டினால் போதும். ஒவ்வொரு பிக்சலின் 64 எண்களும் சேர்ந்த திசையனின் (வெக்டரின்) நீளம் 1 ஆக வைக்கப்பட்டிருப்பதால், விடை 1ஐ நெருங்கினால் ஒத்தவை. ஒரே இடத்தின் இரண்டு ஆண்டுகளை இப்படிப் பெருக்கினால் மாற்றம் எங்கே என்று தெரியும்.

தவறு எங்கே நேர்கிறது? முதலில், தனிப் பேண்டுக்குப் பொருள் தேடுவதில். "17ஆம் பேண்ட் ஈரப்பதத்தைக் காட்டுகிறது" என்று எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே விடை இருக்காது. 64ம் சேர்ந்துதான் ஒரு விவரம்.

அடுத்தது நம் பயிர்க் காலம். இது நாட்காட்டி ஆண்டுத் தொகுப்பு. காவிரிப் படுகையில் சம்பா ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் அறுவடைக்கு வரும். அதாவது ஒரு சம்பாப் போகம் இரண்டு ஆண்டுத் தொகுப்புகளில் பிரிந்து கிடக்கும். குறுவையும் சம்பாவும் போட்ட வயலையும், சம்பா மட்டும் போட்ட வயலையும் இது பிரித்துக் காட்ட வாய்ப்புண்டு. குறிப்பிட்ட ஒரு போகத்தின் பரப்பை மட்டும் தா என்றால் தராது. போக வாரியான பரப்புக்கு மாதவாரிச் சென்டினல் வரிசைதான் இன்னும் சரியான வழி.

மூன்றாவது, கோப்பின் அளவு. தஞ்சாவூர் மாவட்டம் சுமார் 3,400 சதுர கி.மீ.; 10 மீட்டரில் 3.4 கோடி பிக்சல். 64 பேண்டையும் 8 பைட் தசம எண்ணாக இறக்கினால் 17 ஜிபிக்கு மேல். எர்த் எஞ்சினுக்குள்ளேயே வகைப்படுத்திவிட்டு, வகை எண்ணை மட்டும் பைட்டாக இறக்கினால் 34 எம்பி.

துல்லியம் 98 சதவீதம் என்று வந்தால் மகிழும் முன், பயிற்சிப் புள்ளியும் சோதனைப் புள்ளியும் ஒரே வயலிலிருந்து வந்தனவா என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏறத்தாழ ஒரே எண்கள்தான். வயல் வயலாக, முடிந்தால் தாலுகா தாலுகாவாகப் பிரித்துச் சோதியுங்கள்.

டைனமிக் வேர்ல்டை அப்படியே நிலப்பயன்பாட்டு வரைபடமாக எடுத்துக்கொள்ளலாமா?

ஒற்றைத் தேதியில் வேண்டாம். 2022இல் வெளியான இந்தக் கூகுள் நிலப்பரப்பு வகைத் தொகுப்பு ஒவ்வொரு சென்டினல்-2 படத்துக்கும் தனித்தனியே ஒன்பது வகை போடுகிறது. நீர் நிற்கும் நாற்று வயல் "நீர் சூழ்ந்த தாவரம்" ஆகலாம், இரண்டு மாதம் கழித்துப் "பயிர்", அறுவடைக்குப் பின் "வெற்றுநிலம்". ஆண்டு முழுதுக்கும் வகைகளின் சராசரி நிகழ்தகவை எடுத்து, அதில் உயர்ந்ததை வகையாக வையுங்கள்.

பிழைச் செய்திகள்: எதற்கு என்ன செய்வது?

"கம்ப்யூடேஷன் டைம்ட் அவுட்": திரையில் ஓடும் கணக்குக்கு ஐந்து நிமிடம்தான் வரம்பு. ஸ்கிரிப்ட் தவறு என்று பொருளல்ல. பிரிண்ட் செய்வதை விட்டுவிட்டு எக்ஸ்போர்ட் டாஸ்காக அனுப்புங்கள்.

"யூசர் மெமரி லிமிட் எக்ஸீடெட்": ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டிய தரவு மிகுந்துவிட்டது. ரெட்யூஸ்-ரீஜனில் (ஒரு பகுதியின் சராசரி போன்றவற்றைக் கணக்கிடும் கட்டளையில்) டைல்-ஸ்கேல் என்ற எண்ணை 2, 4, 8, 16 என்று உயர்த்திப் பாருங்கள். துண்டு சிறிதாகும், நேரம் கூடும். தொகுப்பைப் பட்டியலாக மாற்றும் கட்டளையும், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இட்டரேட் கட்டளையும் ஸ்கிரிப்டில் இருந்தால் முதலில் அவற்றைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே செயலைத் தனித்தனியே செய்யும் மேப் கட்டளையால் முடியாத வேலை அரிது.

"டூ மெனி பிக்சல்ஸ்": ரெட்யூஸ்-ரீஜன் இயல்பாக ஒரு கோடி பிக்சல் வரை அனுமதிக்கும், படம் எக்ஸ்போர்ட் பத்துக் கோடி வரை. மேக்ஸ்-பிக்சல்ஸைக் கூட்டினால் போய்விடும். கூட்டுவதற்கு முன் ஸ்கேலைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். 100 என்று எழுத நினைத்து 1 என்று எழுதியிருந்தாலும் இதே செய்திதான்.

"5000 எலிமெண்ட்ஸ்": ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் உள்ள தொகுப்பைத் திரையில் அச்சிட முயன்றிருக்கிறீர்கள். அளவை மட்டும் அச்சிடுங்கள், அல்லது லிமிட் போடுங்கள்.

"காலர் டஸ் நாட் ஹேவ் பெர்மிஷன்": வேறொருவரின் புராஜெக்டில் வேலை செய்கிறீர்கள், உரிமை முழுதாகக் கொடுக்கப்படவில்லை. எர்த் எஞ்சின் ரிசோர்ஸ் வியூவர் அல்லது ரைட்டர் பாத்திரத்தோடு, சர்வீஸ் யூசேஜ் கன்ஸ்யூமர் பாத்திரமும் வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பைத்தானிலோ கோலாபிலோ ஓட்டினால், இனிஷியலைஸ் கட்டளைக்குள் புராஜெக்ட் ஐடியைக் கொடுக்காவிட்டாலும் அனுமதிப் பிழை வரும்.

எக்ஸ்போர்ட் செய்த படம் மங்கலாக, கட்டம் கட்டமாக வருகிறது.

ஸ்கேலைக் கொடுக்கவில்லை. இயல்பு மதிப்பு 1,000 மீட்டர். சென்டினல்-2க்கு 10, லேண்ட்சாட்டுக்கு 30 என்று எழுதுங்கள்.

ஆய அமைப்பையும் (வரைபடத்தின் ஆயத்தொலைவு முறையையும்) எழுதுங்கள். இங்கே தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: யுடிஎம் என்ற ஆய அமைப்பின் 43, 44 வலயங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கக்கோடு மாநிலத்தின் நடுவே போகிறது. கோயம்புத்தூர், திருநெல்வேலி 43 வடக்கு, அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32643. சென்னை, திருச்சி, மதுரை 44 வடக்கு, இபிஎஸ்ஜி 32644. மதுரை கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் மாவட்டத்தின் மேற்குப் பகுதி 43க்குள் விழும். அங்கே ஏதாவது ஒரு வலயத்தைத் தேர்ந்து முழு ஆய்வுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை முழுவதும் 44க்குள் அடங்கிவிடுவதால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆய்வு செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கியூஜிஐஎஸ்ஸில் (இலவச வரைபட மென்பொருளில்) திறந்ததும் கறுப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் படத்தில் பழுதில்லை. காட்சிக்கான குறைந்த, கூடிய மதிப்புகளைச் சரிசெய்தால் தெரியும். மறைத்த பிக்சல்கள் 0 ஆக இறங்கி, சராசரியைக் கீழே இழுப்பது வேறு விஷயம். எக்ஸ்போர்ட்டின் ஃபார்மட் ஆப்ஷன்ஸில் நோ-டேட்டா (தரவு இல்லை என்ற) மதிப்பாக -9999 போன்ற ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பைட் வகைப் படத்தில் எதிர்ம எண் நிற்காது, அங்கே 255.

மாவட்ட எல்லைகளில் தென்காசியும் மயிலாடுதுறையும் இல்லையே?

இருக்காது. பலரும் பயன்படுத்தும் எஃப்ஏஓவின் (ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின்) காவுல் எல்லைத் தொகுப்பு 2015ஆம் ஆண்டுப் பதிப்பு. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை 2019இலும், மயிலாடுதுறை 2020இலும் உருவானவை. அந்தத் தொகுப்பில் தென்காசிப் பகுதி திருநெல்வேலிக்குள்ளும், மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்குள்ளும் இருக்கும். இப்போதைய 38 மாவட்டப் புள்ளிவிவரங்களோடு அதை ஒட்டினால், பரப்பளவு பொருந்தாமல் நிற்கும்.

சொந்த எல்லைக் கோப்பை (ஷேப்ஃபைலை) ஏற்றுவதுதான் வழி. எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே நான்கையும் ஒரே ஜிப்பில் கட்டி ஏற்றுங்கள். பிஆர்ஜே விடுபட்டால் இடம் தவறலாம். அட்டவணையில் ஊர்ப் பெயர்கள் தமிழில் இருந்தால், கோப்பை யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்துவிட்டு ஏற்றுங்கள். இல்லையேல் பெயருக்குப் பதில் குப்பை எழுத்துகள் வரும். வடிவப் பிழை என்று ஏற்றம் நின்றால், கியூஜிஐஎஸ்ஸில் ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ் ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

படிப்பு முடிந்து கல்லூரி மின்னஞ்சல் மூடப்பட்டால் அசெட்டுகள் என்ன ஆகும்?

யாருடைய புராஜெக்டில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. உங்கள் பெயரில் உள்ள பழைய கோப்புறையில் இருந்தால், கணக்கோடு அணுகலும் போகும். ஆய்வகத்துக்கென்று ஒரு புராஜெக்ட் வைத்து, நெறியாளர் உட்பட இருவராவது அதன் உரிமையாளராக இருந்தால் பிரச்சினை இல்லை. படிப்பு முடியும் முன் அசெட்டுகளை அங்கே படியெடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டுகள் கிட் களஞ்சியத்தில்தான் இருக்கின்றன; அதை அப்படியே உங்கள் கணினிக்கு நகலெடுக்கலாம்.

ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது?

"கூகுள் எர்த் எஞ்சினில் செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. தளத்தைப் பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையைச் சான்று காட்டுவது வழக்கம். அதோடு ஒவ்வொரு தரவுத்தொகுப்பின் முழு ஐடி, அதன் அட்டவணைப் பக்கத்தில் கேட்டிருக்கும் நன்றிக் குறிப்பு, தேதி வரம்பு, மேகமறைப்பின் வாயில் மதிப்பு (0.60 போன்ற எல்லை எண்), ஸ்கேல், ஆய அமைப்பு, கணக்கு ஓடிய தேதி ஆகியவற்றை முறையியல் பகுதியில் எழுதுங்கள். தரவுத்தொகுப்பு விலக்கப்பட்டால் அட்டவணைப் பக்கத்திலேயே "டெப்ரிகேட்டட்" என்று பட்டை தெரியும். மாற்றுத் தொகுப்பின் பெயரும் அங்கேயே இருக்கும். கோட் எடிட்டரின் கெட் லிங்க் பொத்தான் தரும் முகவரி அந்த நேரத்து ஸ்கிரிப்டை உறையவைத்துத் தரும். பின்னிணைப்பில் அதைப் போடலாம். எக்ஸ்போர்ட் டாஸ்கின் பெயரிலேயே தேதியையும் ஸ்கேலையும் சேர்த்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எந்தக் கோப்பு எது என்று டிரைவில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.